போர்க்காலக் கொடுமைகளுக்கு உடந்தையான வைத்தியர்கள்: பின்னர் அவர்களுக்கு என்ன நடந்தது?

கேள்வி – உப்புவெளி மாணவி

வணக்கம். நான் மருத்துவத்துறை சார்ந்த பட்டப்படிப்பின் இறுதி ஆண்டில் இருக்கிறேன். ஆய்வு அறநெறிப் பாடத்தில் மனிதர் மீதான மருத்துவச் சோதனைகளுக்கு வரம்பு வகுத்த நூரெம்பேர்க் கோவையின் பத்து விதிகளையும் மனப்பாடம் செய்து எழுதிப் புள்ளியும் பெற்றேன். அந்த விதிகள் எந்த வழக்கின் தீர்ப்பில் எழுதப்பட்டனவோ அந்த வழக்கில் எதிரிக்கூண்டில் நின்ற நாசி ஜேர்மனியின் வைத்தியர்கள் பிறகு என்ன ஆனார்கள் என்று வகுப்பில் கேட்டேன். எல்லோரும் தூக்கிலிடப்பட்டார்கள் என்று ஒரு தோழி சொன்னாள். விரிவுரையாளரும் அதை மறுக்காமல் அடுத்த பகுதிக்குப் போய்விட்டார். வீட்டுக்கு வந்து தேடி வாசித்தால், தண்டனை பெற்றவர்களில் பலர் சில ஆண்டுகளிலேயே வெளியே வந்திருக்கிறார்கள். சிலர் மறுபடியும் நோயாளரைப் பார்த்திருக்கிறார்கள். இரண்டு நாளாக எனக்கு மனம் சரியில்லை.

இந்த மாத இறுதியில் எங்கள் வாசகர் வட்டத்தில் இதைப் பற்றி நான் பேச இருக்கிறேன். அதற்கு முன்பு சில விடயங்களில் தெளிவு பெற விரும்புகிறேன். மேலிடத்து உத்தரவு என்று சொல்லி ஒரு வைத்தியர் தப்பிக்கொள்ள முடிந்ததா? கத்தியைக் கையில் எடுத்தவர் மட்டும்தான் குற்றவாளியா, அல்லது ஒரு தாளில் கையொப்பம் மட்டும் இட்டவரும் குற்றவாளியா? இன்னொன்றும் உண்டு. 1942 ஏப்ரல் 9 ஆம் திகதி யப்பானிய விமானங்கள் எங்கள் திருகோணமலைத் துறைமுகத்தில் குண்டு போட்டபோது, எங்கள் பூட்டி கைக்குழந்தையோடு தம்பலகாமம் வரை நடந்தே போனவர் என்று வீட்டில் சொல்வார்கள். அந்த யப்பானின் இராணுவ வைத்தியர்கள் சீனாவில் செய்தவற்றுக்கு யாராவது பதில் சொன்னார்களா? தெரிந்தவர்கள் தயவுசெய்து விரிவாக எழுதுங்கள்.


பதில் – உவர்மலைச் சட்டத்தரணி (ஓய்வு)

பிள்ளை, நீங்கள் வாசித்ததுதான் சரி. அந்த வழக்கு 1946 டிசம்பர் 9 ஆம் திகதி அமெரிக்க இராணுவ நீதிமன்றம் ஒன்றின் முன் ஆரம்பித்தது. எதிரிகள் 23 பேர். அவர்களில் 20 பேர் வைத்தியர்கள். 1947 ஓகஸ்ட்டில் தீர்ப்பு வந்தபோது 16 பேர் குற்றவாளிகளாகக் காணப்பட்டார்கள், 7 பேர் விடுவிக்கப்பட்டார்கள். மரண தண்டனை பெற்ற 7 பேர் 1948 ஜூன் 2 ஆம் திகதி லான்ட்ஸ்பேர்க் சிறையில் தூக்கிலிடப்பட்டார்கள். அந்த ஏழு பேரிலும் நால்வரே வைத்தியர்கள். ஹிட்லரின் வைத்தியராக இருந்த கார்ல் பிரான்ட் அவர்களில் ஒருவர். மற்றைய 9 பேருக்கும் 10 ஆண்டு முதல் ஆயுள் வரை சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. 1951 இல் அத்தண்டனைகள் குறைக்கப்பட்டு, 1955 ஆம் ஆண்டுக்குள் எல்லோரும் வெளியே வந்துவிட்டார்கள்.

உத்தரவு பற்றிய உங்கள் கேள்விக்குச் சட்டத்தின் விடை சுருக்கமானது. மேலதிகாரியின் உத்தரவு குற்றப்பொறுப்பை நீக்காது, தண்டனையைக் குறைப்பதற்கு மட்டும் அதைக் கவனத்தில் எடுக்கலாம் என்பதே அந்த நீதிமன்றங்கள் இயங்கிய விதி. ஆனால் அந்தக் கேள்வியின் முழுக் கனத்தையும் உணர வேண்டுமானால் நீங்கள் கெர்ஹார்ட் ரோஸ் என்பவரின் வழக்கைப் படிக்க வேண்டும். அவர் வெப்பமண்டல நோய்களில் பெயர்பெற்ற நிபுணர். நாசிகளின் புகென்வால்ட் வதைமுகாமில் கைதிகளுக்கு டைபஸ் காய்ச்சலைத் தொற்றவைத்துத் தடுப்பூசிகளைச் சோதித்த செய்தி 1943 மே மாதம் இராணுவ வைத்தியர்களின் மாநாடு ஒன்றில் வாசிக்கப்பட்டபோது, சபையில் எழுந்து நின்று ஆட்சேபித்தவர் அவர். அந்த ஆட்சியில், அந்தச் சபையில், அப்படி எழுந்து பேசுவதற்கு எவ்வளவு துணிவு வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். அதே மனிதர் அதே ஆண்டின் முடிவில், இன்னொரு தடுப்பூசியையும் அதே முகாமில் சோதித்துத் தரும்படி கடிதம் எழுதினார். நீதிமன்றத்தில் அந்தக் கடிதம் முன்வைக்கப்பட்டது. அவருக்கு ஆயுள்தண்டனை கிடைத்தது. 1955 இல் விடுதலையானார். என் தொழில் வாழ்க்கையில் எத்தனையோ வழக்கேடுகளைப் புரட்டியிருக்கிறேன்; வாயால் மறுத்து, பேனாவால் சம்மதித்த மனிதர்களை அவற்றில் கண்டிருக்கிறேன். ரோஸின் வழக்கைப் போல என்னை உறங்கவிடாமல் செய்தது வேறொன்றில்லை.

அந்த வழக்கு நிலைநின்றது பெரும்பாலும் எதிரிகளே எழுதிவைத்த தாள்களாலும், உயிர் தப்பியவர்களின் உடல்களாலும்தான். ராவென்ஸ்புரூக் பெண்கள் முகாமில் போலந்துப் பெண்களின் கால்களை வெட்டி, காயத்துக்குள் கிருமிகளையும் மரச்சிராய்களையும் கண்ணாடித் துகள்களையும் வைத்துத் தைத்து, சல்பா மருந்து அதை ஆற்றுகிறதா என்று பார்த்தார்கள். அந்தப் பெண்கள் வீட்டுக்கு எழுத அனுமதிக்கப்பட்ட கடிதங்களின் வரிகளுக்கு இடையில், தங்கள் சிறுநீரை மையாகக் கொண்டு, யார் யாருக்கு அறுவை நடந்தது என்று எழுதி அனுப்பினார்கள். ஊரில் தாய்மார் அந்தத் தாளின் மேல் சூடான இஸ்திரிப்பெட்டியை வைத்துத் தேய்த்தபோது எழுத்துகள் பழுப்பு நிறத்தில் எழுந்தன. 1946 டிசம்பரில் அப்பெண்களில் ஒருவரான யாத்விகா ஜிடோ நீதிமன்றத்தில் நின்று தமது வலது காலின் தழும்புகளைக் காட்ட, அருகில் நின்று லியோ அலெக்சாண்டர் என்ற வைத்தியர் எந்தத் தசை எப்படிச் சிதைந்தது என்று விளக்கினார். ஒரு வைத்தியர் செய்த காயத்தை இன்னொரு வைத்தியர் வாசித்துக் காட்டினார். உங்கள் பேச்சை அந்தக் காட்சியிலிருந்து ஆரம்பிக்கலாம் என்பது என் எண்ணம்.

அந்த அறுவைகளில் பங்குகொண்ட ஹெர்டா ஓபர்ஹொய்சர் எதிரிகளில் இருந்த ஒரே பெண். 20 ஆண்டு தண்டனை 10 ஆகக் குறைந்து, 1952 இல் வெளியே வந்து, வட ஜேர்மனியில் ஸ்டொக்சே என்ற கிராமத்தில் குடும்ப வைத்தியராக இருந்தார். ராவென்ஸ்புரூக்கில் இருந்து மீண்ட ஒருவர் அவரை அடையாளம் கண்ட பிறகே எதிர்ப்பு எழுந்து, 1958 இல் அவருடைய வைத்திய உரிமம் பறிக்கப்பட்டது.

கடல்நீர்ச் சோதனையையும் சொல்லாமல் விடமுடியவில்லை. டக்காவ் முகாமில் ரோமா இனக் கைதிகளுக்கு உணவின்றிக் கடல்நீரை மட்டும் குடிக்கக் கொடுத்தார்கள். தாகம் தாங்காமல், அப்போதுதான் துடைத்துவிட்டிருந்த நிலத்தின் ஈரத்தை அவர்கள் நக்கினார்கள் என்று சாட்சியம் உண்டு. தோணி பழுதாகிக் கடலில் நாட்கணக்கில் நின்றவர்களின் கதையைக் கேட்டு வளர்ந்த நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு அது என்ன தாகம் என்று விளக்கத் தேவையில்லை. அந்தச் சோதனையில் இருந்து தப்பிய கார்ல் ஹொலென்ரைனர், நீதிமன்றத்தில் எதிரியை அடையாளம் காட்டச் சொன்னபோது, பாய்ந்து சென்று அந்த வைத்தியரை அடித்தார். நீதிமன்ற அவமதிப்புக்காக அவருக்கு 90 நாள் சிறை விதிக்கப்பட்டது. நீதிபதிகள் ஒழுங்கைக் காக்க வேண்டியவர்கள் என்பதை ஒரு சட்டத்தரணியாக நான் ஏற்கிறேன். ஆனாலும் அந்தப் பக்கத்தைக் கடக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு அடைக்கிறது.


பதில் – கிண்ணியா வைத்திய அதிகாரி

அஸ்ஸலாமு அலைக்கும், அனைவருக்கும் வணக்கம். சட்டத்தரணி ஐயா எழுதியவற்றுக்குப் பிறகு நான் கையொப்பம் பற்றிய கேள்விக்கு மட்டும் பதில் எழுதுகிறேன், தங்கச்சி. ஏனென்றால் என் தொழிலின் ஆபத்து முழுவதும் அதில்தான் இருக்கிறது என்று நம்புகிறவன் நான்.

முகாம்களில் நச்சுவாயு அறைகள் கட்டப்படுவதற்கு முன்பே, ஜேர்மனியில் மனநோயாளரையும் மாற்றுத்திறனாளிகளையும் கொல்லும் திட்டம் ஒன்று நடந்தது. 1941 ஓகஸ்ட் வரையில் மட்டும் 70,000 க்கும் மேற்பட்டோர் ஆறு நிலையங்களில் கொல்லப்பட்டார்கள். ஒவ்வொரு நோயாளியைப் பற்றியும் ஒரு படிவம் நிரப்பப்பட்டுத் தலைநகருக்குப் போகும். அந்த நோயாளியை ஒருமுறைகூடக் கண்ணால் காணாத வைத்தியர்கள் அதை வாசித்து, சிவப்புப் பென்சிலால் ஒரு கூட்டல் குறி இட்டால் சாவு. நீலப் பென்சிலால் ஒரு கழித்தல் குறி இட்டால் உயிர். பிறகு, நிலையத்தில் வாயுக் குழாயைத் திறப்பவரும் வைத்தியராகவே இருக்க வேண்டும் என்று விதித்திருந்தார்கள். கொன்ற பின்னர் குடும்பத்துக்கு அனுதாபக் கடிதமும் மரணச் சான்றிதழும் அனுப்பினார்கள். மரணத்துக்கான காரணம் பட்டியல் ஒன்றிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட பொய். குடல்வால் அழற்சியால் இறந்தார் என்று எழுதிய சில சான்றிதழ்களைப் பெற்ற உறவினர்கள், அவருக்குத்தான் பல ஆண்டுகளுக்கு முன்பே குடல்வாலை வெட்டி எடுத்துவிட்டார்களே என்று திகைத்தார்கள்.

அந்தத் திட்டத்தின் மருத்துவத் தலைவராக இருந்த வேர்னர் ஹைடே 1947 இல் காவலில் இருந்து தப்பி, வேறொரு பெயரில் ஜேர்மனியின் வட எல்லையில் ஒரு நகரத்தில் வைத்தியராக வாழ்ந்தார். வாழ்ந்தது மட்டுமல்ல, நீதிமன்றங்களுக்கும் காப்புறுதி அலுவலகங்களுக்கும் ஆயிரக்கணக்கான நிபுணர் அறிக்கைகளை எழுதிக் கொடுத்தார். அவர் யார் என்பது அங்கிருந்த வைத்தியர்கள், நீதிபதிகள் பலருக்குத் தெரிந்தே இருந்தது. 1959 இல் சரணடைந்து, 1964 பெப்ரவரியில் வழக்கு ஆரம்பிக்கச் சில நாட்கள் இருந்தபோது சிறையில் தன்னுயிரை மாய்த்துக்கொண்டார்.

இதைவிடக் கொடியது வியன்னாவில் நடந்தது. ஸ்பீகல்குரூண்ட் என்ற சிறுவர் நிலையத்தில் 789 பிள்ளைகள் இறந்தார்கள். அங்கு வைத்தியராக இருந்த ஹைன்ரிக் குரோஸ், போருக்குப் பின்னர் அந்தப் பிள்ளைகளின் மூளைகளைச் சாடிகளில் வைத்து ஆய்வுக் கட்டுரைகள் எழுதினார்; ஒஸ்திரிய நீதிமன்றங்கள் அதிகம் நாடிய மனநல நிபுணராகவும் ஆனார். சிறுவனாக அந்த நிலையத்தில் அடைக்கப்பட்டுத் தப்பிய பிரீட்ரிக் சாவ்ரெல் என்பவர், 1970களின் நடுப்பகுதியில் வேறொரு குற்றத்துக்காகச் சிறையில் இருந்தபோது, அவரைப் பரிசோதித்து அறிக்கை எழுத வந்தவர் அதே குரோஸ். சாவ்ரெல் அவரை அடையாளம் கண்டு நேரில் சொல்லியும்விட்டார். அதன் பிறகு குரோஸ் எழுதிய அறிக்கை, இந்த மனிதரை நெடுங்காலம் அடைத்துவைக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. பிள்ளைகளைச் சாகடிக்க உதவிய அதே பேனா, முப்பது ஆண்டுகள் கழித்து, தப்பிய பிள்ளையின் வாயை அடைக்கவும் உதவியது. 2000 ஆம் ஆண்டில் வழக்கு ஒருவாறு நீதிமன்றத்துக்கு வந்தபோது, குரோஸ் மறதி நோயாளி என்று கூறி அரை மணி நேரத்தில் ஒத்திவைத்தார்கள். அவர் 2005 இல் தண்டனை எதுவும் இன்றி இறந்தார். அந்தப் பிள்ளைகளின் எச்சங்கள் 2002 இல்தான் மண்ணில் வைக்கப்பட்டன. சாவ்ரெல் தமது இறுதிக் காலம் வரை பாடசாலை பாடசாலையாகப் போய் மாணவர்களோடு பேசினார்.

இவையெல்லாம் தூரத்துக் கதைகள் என்று நான் நினைத்திருந்த காலம் ஒன்று உண்டு. பல ஆண்டுகளுக்கு முன், ஒரு வைத்தியசாலையில் நான் புதிதாகக் கடமையேற்றிருந்தபோது, நள்ளிரவுக்குப் பின் ஓர் இளைஞரைக் காவலில் இருந்து கொண்டுவந்தார்கள். கூட வந்தவர் அறைக்குள்ளேயே நின்றார். அவரை வெளியே போகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. காயம் ஏதும் உண்டா என்று கேட்டேன். அந்தப் பிள்ளை என்னைப் பார்க்காமல், நின்றவரைப் பார்த்துவிட்டு, படியில் விழுந்ததாகச் சொன்னது. முழங்கையில் இருந்த சிராய்ப்பை மட்டும் எழுதி, விழுந்ததால் ஏற்பட்டது என்று குறித்துக் கையொப்பமிட்டேன். அவர்கள் போன பிறகு, அங்கிருந்த மூத்த தாதி ஒருவர் மெதுவாக, "டொக்டர், அவர் நிலத்தில் பாதத்தை முழுதாக ஊன்றவில்லை, கவனித்தீர்களா?" என்றார். நான் உள்ளங்காலைப் பார்க்கவே இல்லை. பாதத்தில் அடித்தால் வெளியே அதிகம் தெரியாது என்பது பாடமாக எனக்குத் தெரிந்திருந்தும் சப்பாத்தைக் கழற்றச் சொல்லவில்லை. நான் யாரையும் அடிக்கவில்லை. ஆனால் அடித்தவருக்குத் தேவையான தாளை நான்தான் எழுதிக் கொடுத்தேன். அந்த முகம் எனக்கு இன்றும் நினைவில் இருக்கிறது. பெயர் நினைவில் இல்லை என்பது எனக்கு இன்னும் பெரிய வருத்தம்.

போர்க்காலம் அல்லாத ஓர் உதாரணத்தையும் சேர்க்கிறேன். 1977 இல் தென்னாபிரிக்காவில் நிறவெறிக்கு எதிராகப் போராடிய ஸ்டீவ் பிகோ காவலில் மூளைக்காயத்தோடு கிடந்தபோது அவரைப் பார்த்த வைத்தியர்களில் ஒருவர், உடலில் கோளாறு எதுவும் இல்லை என்று சான்றிதழ் எழுதினார். மருத்துவ சபை முதலில் விசாரிக்க மறுத்தது. வேறு வைத்தியர்கள் நீதிமன்றம் வரை போய்ப் போராடிய பிறகே 1985 இல் ஒருவரின் பெயர் பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டது, மற்றவர் கண்டிக்கப்பட்டார். ஆகவே, கையொப்பம் மட்டும் இட்டவரும் குற்றவாளியா என்ற உங்கள் கேள்விக்கு என் விடை, ஆம் என்பதே.


பதில் – டைக் வீதி ஆசிரியர்

பிள்ளைக்கு வணக்கம். முப்பது ஆண்டுகள் வரலாறு கற்பித்தவன் என்ற முறையில் யப்பான் பற்றிய பகுதியை நான் எழுதுகிறேன்.

சீனாவின் வடகிழக்கில் ஹார்பின் நகருக்கு அருகே பிங்பாங் என்ற இடத்தில், இஷி ஷிரோ என்ற இராணுவ வைத்தியரின் தலைமையில் 731 ஆம் பிரிவு இயங்கியது. கைதிகளுக்குக் கொள்ளைநோய், அந்திராக்ஸ் கிருமிகளை ஏற்றினார்கள்; கைகால்களை உறையவைத்தார்கள்; உயிரோடு உடலைத் திறந்து பார்த்தார்கள். அந்தக் கைதிகளை அவர்கள் அழைத்த சொல் "மருதா". யப்பானிய மொழியில் அதற்கு மரக்கட்டை என்று பொருள். 3,000 பேருக்குக் குறையாமல் அங்கே கொல்லப்பட்டதாக அப்பிரிவின் அதிகாரி ஒருவரே பின்னர் வாக்குமூலம் கொடுத்தார்.

யாராவது பதில் சொன்னார்களா என்று கேட்டிருந்தீர்கள். யப்பானியத் தலைவர்கள் மீது தோக்கியோவில் நடந்த பெரிய போர்க்குற்ற விசாரணையில் இந்தப் பிரிவு குற்றப்பத்திரிகைக்குள் வரவே இல்லை. சோதனை முடிவுகளைத் தங்களிடம் மட்டும் தருவதற்கு ஈடாக, இஷியையும் அவருடைய ஆட்களையும் வழக்கிலிருந்து அமெரிக்கா காத்துக்கொண்டது. நூரெம்பேர்க்கில் மனிதரின் சம்மதம் இன்றியமையாதது என்று முதல் விதியாக எழுதிய அதே 1947 ஆம் ஆண்டில்தான், சம்மதமே இல்லாமல் எடுக்கப்பட்ட தரவுகளுக்காக இந்தப் பேரமும் நடந்தது. இரண்டையும் ஒரே பக்கத்தில் எழுதிவைத்துப் படியுங்கள். சோவியத் ஒன்றியம் 1949 டிசம்பரில் கபரோவ்ஸ்க் நகரில் 12 பேரை விசாரித்து 2 முதல் 25 ஆண்டு வரை தண்டித்தது. அவர்களும் 1956 ஆம் ஆண்டுக்குள் நாடு திரும்பிவிட்டார்கள். மேற்கு நாடுகள் அதை வெறும் பிரசாரம் என்று ஒதுக்கின. இஷி 1959 இல் நோயுற்று இயல்பாக இறந்தார். 2018 இல் யப்பானியத் தேசிய ஆவணக்காப்பகம் அந்தப் பிரிவில் பணியாற்றிய 3,607 பேரின் பெயர்களை வெளியிட்டது. அதைக் கேட்டுப் பெற்றவரும் ஒரு யப்பானிய மருத்துவப் பேராசிரியரே என்பதை உங்கள் கேட்போருக்குச் சொல்லுங்கள்.

யப்பானிய வைத்தியர்கள் உண்மையிலேயே நீதிமன்றத்தில் நின்ற வழக்கு இன்னொன்று உண்டு. அதற்கும் நம் ஊருக்கும் ஒரு மெல்லிய தொடர்பு இருக்கிறது. 1944 ஓகஸ்ட்டில் சீனக்குடா விமானத்தளத்திலிருந்து அமெரிக்காவின் பி-29 குண்டுவீச்சு விமானங்கள் சுமாத்திராவின் பலெம்பாங் எண்ணெய் ஆலையைத் தாக்கப் பறந்தன. அதே வகை விமானம் ஒன்று 1945 மே மாதம் யப்பானின் கியூஷுவில் வீழ்ந்தபோது பிடிபட்ட விமானிகளில் எட்டுப் பேரை, கியூஷு பல்கலைக்கழகத்தின் உடற்கூற்றுப் பிரிவில் அறுவை மேசையில் வைத்துக் கொன்றார்கள். நுரையீரலை அகற்றினார்கள், இரத்தத்துக்குப் பதிலாகக் கடல்நீரை ஏற்றிப் பார்த்தார்கள். தலைமைதாங்கிய பேராசிரியர் விசாரணைக்கு முன்பே சிறையில் தன்னுயிரை மாய்த்துக்கொண்டார். 1948 இல் யோக்கோஹாமாவில் 23 பேர் குற்றவாளிகளாகக் காணப்பட்டு, ஐவருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. ஒருவரும் தூக்கிலிடப்படவில்லை, 1958 ஆம் ஆண்டுக்குள் எல்லோரும் விடுதலையானார்கள்.

அந்த அறையில் கடல்நீர்ப் போத்தலைத் தூக்கிப் பிடித்தபடி நின்ற மருத்துவ மாணவர் ஒருவர் இருந்தார். உங்கள் வயதுதான் இருக்கும். அவர் பிற்காலத்தில் வைத்தியராகி, தாம் கண்டதை எழுதி, சக வைத்தியர்கள் வேண்டாம் என்று தடுத்தபோதும் முதுமை வரை பேசிக்கொண்டே இருந்தார். பிங்பாங்கின் பெரிய எண்களைவிட அந்தப் போத்தலைத்தான் நான் மாணவர்களுக்குச் சொல்வேன்.


உப்புவெளி மாணவி

மூவருக்கும் என் மனமார்ந்த நன்றி. வைத்தியர் அண்ணா தமது அனுபவத்தை எழுதியதற்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும். அதை வாசித்தபின் சிறிது நேரம் என்னால் எதையும் தட்டச்சு செய்ய முடியவில்லை. ஐயாவிடம் இன்னும் ஒன்று கேட்கிறேன். இவை எல்லாம் எழுபது, எண்பது ஆண்டுகளுக்கு முந்தையவை. எங்கள் காலத்தில் ஒரு வைத்தியர் இப்படித் தண்டிக்கப்பட்டிருக்கிறாரா? தம் நாட்டை விட்டு வேறு நாட்டில் போய்க் குடியேறியவரை அங்கே விசாரிக்க முடியுமா?


பதில் – உவர்மலைச் சட்டத்தரணி (ஓய்வு)

முடியும், நடந்தும் இருக்கிறது. ருவாண்டாவில் 1994 இல் நடந்த இனப்படுகொலையை எடுத்துக்கொள்ளுங்கள். முகொனெரோ என்ற இடத்தில் தாம் பணிபுரிந்த வைத்தியசாலை வளாகத்தில் அடைக்கலம் புகுந்தவர்கள் மீது நடந்த தாக்குதலில் பங்குகொண்டதற்காக, ஜெரார்ட் நிதாகிருதிமானா என்ற வைத்தியருக்கு ஐ.நா. நிறுவிய தீர்ப்பாயம் 2003 இல் 25 ஆண்டு சிறை விதித்தது. அவருடைய தந்தையான மதபோதகருக்கு 10 ஆண்டு. இன்னொருவர் சொஸ்தேன் முன்யேமானா, பெண்நோயியல் வைத்தியர். பிரான்சுக்குப் போய் அங்கே வைத்தியசாலை ஒன்றில் பல ஆண்டுகள் வேலை செய்தார். அவருக்கு எதிரான முதல் முறைப்பாடு 1995 இல் கொடுக்கப்பட்டது. பாரிஸ் நீதிமன்றம் 24 ஆண்டு சிறை விதித்தது 2023 டிசம்பரில். இடையில் 28 ஆண்டுகள். அவ்வழக்கின் நடுவே இருந்தது ஒரு சாவி. அந்த இனப்படுகொலைக்கு இலக்கான துட்சி மக்கள் அடைத்துவைக்கப்பட்டு, பிறகு கொலைக்குக் கொண்டுபோகப்பட்ட ஓர் அரச அலுவலகத்தின் கதவுச் சாவி அவரிடம் இருந்தது. அடைக்கலம் கொடுக்கவே பூட்டினேன் என்பது அவருடைய வாதம். நீதிமன்றம் அதை ஏற்கவில்லை.

மிக அண்மையது சிரியா. ஹோம்ஸிலும் டமஸ்கஸிலும் இராணுவ வைத்தியசாலைகளில் கைதிகளை வதைத்தார், ஒருவரை ஊசி ஏற்றிக் கொன்றார் என்ற குற்றங்களுக்காக ஒரு சிரிய வைத்தியருக்கு ஜேர்மனியின் பிராங்க்பேர்ட் உயர்நீதிமன்றம் 2025 ஜூன் 16 ஆம் திகதி ஆயுள்தண்டனை விதித்தது. அவர் 2015 முதல் ஜேர்மனியில் எலும்பு முறிவு வைத்தியராக வேலை செய்துகொண்டிருந்தவர். உயிர் தப்பியவர்கள் அவரை அடையாளம் கண்டார்கள். ஆகவே எழுபது ஆண்டுக்கு முன் ஸ்டொக்சேயில் நடந்ததும் இப்போது நடந்ததும் ஒன்றேதான்: மறக்காத ஒருவர் ஒரு முகத்தைக் கண்டார். வேறுபாடு, இம்முறை உரிமத்தைப் பறிப்பதோடு நிற்காமல் வழக்கும் தொடுத்தார்கள் என்பதே.

நம் நாட்டுச் சட்டத்திலும் இடம் இருக்கிறது. 1994 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கச் சித்திரவதைக்கு எதிரான சட்டம், சித்திரவதை செய்பவரை மட்டுமல்ல, அதற்கு உதவுபவரையும் உடந்தையாக இருப்பவரையும் குற்றவாளியாக்குகிறது. தண்டனை 7 ஆண்டுக்குக் குறையாமல் 10 ஆண்டு வரை. சட்டம் இருப்பது வேறு, வழக்கு நடப்பது வேறு என்பதை நம் ஊரவருக்கு நான் எழுதிக் காட்ட வேண்டியதில்லை. 2006 ஜனவரி 2 ஆம் திகதி மாலை, காந்தி சிலைக்கு அருகே நம் கடற்கரையில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டபோது, கைக்குண்டு வெடித்து இறந்தார்கள் என்றே முதலில் சொல்லப்பட்டது. அது துப்பாக்கிச் சூட்டுக் காயம் என்பதை நிலைநாட்டியது பிரேத பரிசோதனை. குற்றஞ்சாட்டப்பட்ட 13 பேரும் 2019 ஜூலையில் போதிய சாட்சியம் இல்லை என்று விடுவிக்கப்பட்டார்கள். ஆனாலும் அந்தப் பிள்ளைகள் எப்படி இறந்தார்கள் என்ற உண்மையை இன்று எவராலும் மாற்றி எழுத முடியாது. அன்று சவச்சாலையில் நின்ற சட்ட வைத்திய அதிகாரி, கண்டதைக் கண்டபடி எழுதினார். நீங்கள் எதிரிக்கூண்டில் நின்ற வைத்தியர்களைப் பற்றிப் பேசும்போது, சரியாக எழுதிய இவரைப் போன்றவர்களுக்கும் இடம் ஒதுக்குங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.


பதில் – கிண்ணியா வைத்திய அதிகாரி

ஐயா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். உலக மருத்துவச் சங்கம் 1975 இல் தோக்கியோவில் வெளியிட்ட பிரகடனம், சித்திரவதையைச் செய்யவோ, பொறுத்துக்கொள்ளவோ, அது நடக்கும் இடத்தில் நிற்கவோ எந்த வைத்தியருக்கும் கூடாது என்கிறது. 1999 இல் ஐ.நா.விடம் கையளிக்கப்பட்ட இஸ்தான்புல் நெறிமுறை, காயங்களைப் பார்ப்பதும் எழுதுவதும் எப்படி என்று படிப்படியாகக் கற்பிக்கிறது. பரிசோதனை அறைக்குள் காவலர் இருக்கக் கூடாது என்பதும் அதில் உண்டு. நான் கடமையேற்ற காலத்தில் அதை எனக்கு யாரும் காட்டவில்லை. இப்போது என்னோடு வேலை செய்யும் இளம் வைத்தியர்களுக்கு முதல் வாரத்திலேயே காட்டுகிறேன்.

தங்கச்சி, உங்கள் கூட்டத்துக்கு நானும் வருகிறேன். அந்த நெறிமுறையின் பின்னிணைப்பில் காயங்களைக் குறிப்பதற்கான உடலுருவப் படங்கள் இருக்கின்றன. சிலவற்றைப் பிரதியெடுத்துக் கொண்டுவருவேன். உள்ளங்கால்களுக்கு அதில் தனியே ஒரு படம் உண்டு.